பதினாறு வார ஆய்வும் முப்பது வருட அரிப்பும்

எனக்கு எக்ஸிமா வந்தது ஐந்து வயதில். இப்போது முப்பத்தேழு. அக்கா பையனுக்கு நாலு வயது. போன வருடம் அவனுக்கும் ஆரம்பித்துவிட்டது. முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்பக்கம், கழுத்து. என் உடம்பில் இருந்த அதே இடங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து சொறிகிறான், காலையில் பெட்ஷீட்டில் ரத்தப் புள்ளிகள். அக்கா என்னிடம் கேட்டது இதுதான்: "டேய், இன்னும் எத்தனை வருஷம் இவனுக்கு இதைத் தடவணும்? தடவுனா என்ன ஆகும், தடவாம விட்டா என்ன ஆகும்?"

நியாயமான கேள்வி. டாக்டரிடமும் கேட்டிருக்கிறாள். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும் கிளினிக்கில் அதற்கு ஒரு வரிதான் பதிலாகக் கிடைக்கும். அதனால் மூன்று மாதமாக ஆபீஸ் முடிந்து வந்து ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை, எண்களோடு வேலை பார்க்கிறவன். கீழே இருப்பதெல்லாம் அந்த வாசிப்பின் குறிப்புகள். உங்கள் டாக்டருக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் போய்க் கேட்பதற்கான கேள்விகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அரிக்கிறதெல்லாம் எக்ஸிமா இல்லை. நம் நாட்டில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வட்டவட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் வெளுத்துப் பரவுகிறதா? அது படர்தாமரையாக இருக்கலாம், பூஞ்சை. வீட்டில் நாலு பேருக்கும் ஒரே சமயத்தில், ராத்திரியில் அதிகமாக, விரல் இடுக்குகளில் அரிக்கிறதா? அது சிரங்கு, கண்ணுக்குத் தெரியாத பூச்சி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது ஒரு கலவை க்ரீம்: ஒரு வலுவான ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சைக்கொல்லி, ஒரு ஆன்டிபயாட்டிக், மூன்றும் ஒரே ட்யூபில். ஸ்டீராய்டு இருப்பதால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். உள்ளே பூஞ்சை நிம்மதியாகப் பரவும். இந்தியாவில் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் படர்தாமரை இவ்வளவு பிடிவாதமாக மாறியதற்கு இந்த ட்யூப்களும் ஒரு காரணம் என்று நம் தோல் மருத்துவர்களே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரைக்கு மசியாத ஒரு பூஞ்சை இனத்துக்கு 2020-இல் டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்று பெயரே வைத்துவிட்டார்கள். பெயரில் இந்தியா வருவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடைகளில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அக்கா பையனுக்கு எக்ஸிமாதான், அதாவது அட்டோபிக் டெர்மட்டைட்டிஸ். இரண்டு தோல் மருத்துவர்கள் பார்த்து உறுதி செய்தது.

இந்த நோயில் நடப்பது என்ன? தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல், நடுவில் இருக்கும் கொழுப்பு சிமென்ட். ஃபிலாக்ரின் என்ற புரதம் அந்தச் செங்கலைத் திடமாக்கி ஈரத்தையும் பிடித்து வைக்கிறது. 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகக் குழு, ஃபிலாக்ரின் மரபணுவில் குறை இருப்பவர்களுக்கு எக்ஸிமா வர வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்று காட்டியது. சுவரில் விரிசல் விழுந்தால் தண்ணீர் வெளியே போகும், வெளியே இருப்பதெல்லாம் உள்ளே வரும். நோய் எதிர்ப்புச் செல்கள் கூச்சல் போட ஆரம்பிக்கும். அந்தக் கூச்சலில் வெளிவரும் சமிக்ஞைகள் (இன்டர்லூகின் 4, 13, 31 என்று எண்கள் போட்டிருப்பார்கள்) தோலில் இருக்கும் நரம்புகளையே நேரடியாகத் தூண்டி அரிப்பைக் கிளப்புகின்றன. அரித்தால் சொறிகிறோம், சொறிந்தால் சுவர் இன்னும் உடைகிறது, உடைந்தால் இன்னும் அரிக்கிறது.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும். நமக்கு வழக்கமாக எழுதித்தரும் அலர்ஜி மாத்திரைகள் ஹிஸ்டமினைத் தடுப்பவை. எக்ஸிமா அரிப்பில் ஹிஸ்டமினுக்குப் பங்கு குறைவு. தூக்கம் வரவைக்கும் பழைய மாத்திரைகள் உதவுவது போலத் தெரிவது, பிள்ளை தூங்கிவிடுவதால்தான். எனக்குச் சின்ன வயதில் வருடக்கணக்காக அதைக் கொடுத்தார்கள். ஸ்கூலில் முதல் இரண்டு பீரியட் எனக்கு ஞாபகமே இல்லை.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். "எத்தனை வருஷம்?" என்று தேட ஆரம்பித்ததும் முதலில் முட்டிக்கொண்டது இதில்தான்: நோய் பத்து, இருபது வருடம் ஓடுகிறது. மருந்து ஆய்வுகள் பெரும்பாலும் நாலு வாரம், பன்னிரண்டு வாரம், மிஞ்சினால் பதினாறு வாரம். புது மருந்துகளுக்கெல்லாம் பதினாறு வாரம் கிட்டத்தட்ட ஒரு சம்பிரதாயமே ஆகிவிட்டது. இதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு குழுவுக்கு வெறும் மருந்தில்லாத ஊசியைக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் அரிக்க விடுவது நியாயமில்லை. செலவும் தாங்காது. ஆனால் விளைவு என்ன? நீங்கள் கேட்கும் கேள்விக்கும் ஆய்வு பதில் சொல்லும் கேள்விக்கும் நடுவே பெரிய இடைவெளி.

அந்த இடைவெளியை நிரப்ப நீட்டிப்பு ஆய்வுகள் நடத்துகிறார்கள். முதல் ஆய்வு முடிந்ததும் விருப்பமுள்ளவர்கள் அதே மருந்தைத் தொடரலாம், வருடக்கணக்கில் கவனிப்பார்கள். டுப்பிலுமாப் ஊசிக்கு இப்படி ஐந்து வருடத் தரவு வந்திருக்கிறது, எண்கள் பிரமாதமாக இருக்கும். அதைப் படிக்கும்போது நம்ம ஊர் ட்யூஷன் சென்டர் ஃப்ளெக்ஸ் போர்டை நினைத்துக்கொள்ளணும். பாதியில் நின்றவர்களின் போட்டோ அதில் இருக்காது. மருந்து வேலை செய்யாதவர்களும், கண் எரிச்சல் தாங்காதவர்களும் நடுவில் விலகிவிடுவார்கள். கடைசி வருடத்தில் எண்ணப்படுவது, அந்த மருந்து ஒத்துப்போனவர்களைத்தான் அதிகம். அதற்காக அந்தத் தரவு பொய் இல்லை. "ஒத்துப்போனால் பல வருடம் ஒத்துப்போகிறது" என்பதற்கு அது நல்ல ஆதாரம். "எனக்கு ஒத்துப்போகுமா" என்பதற்கு அதில் பதில் இல்லை.

ஸ்டீராய்டு பயம்

அக்கா வீட்டில் பெரிய சண்டையே இதில்தான். அவள் மாமியார் "ஸ்டீராய்டு தடவினா தோல் கருத்துப்போகும், வளர்த்தி நின்னுபோகும்" என்று சொல்லிவிட்டார். டாக்டரோ பெட்டாமெத்தசோன் எழுதியிருக்கிறார். அக்கா பாதிப் பாதியாக, பட்டாணி அளவு எடுத்து உடம்பு முழுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் நஷ்டம்.

தோலில் தடவும் ஹைட்ரோகார்ட்டிசோன் 1952-இல் நியூயார்க்கில் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் மூலம் வெளியே தெரிந்தது. எழுபது வருடத்துக்கு மேல் புழக்கத்தில் இருக்கும் மருந்து. இவ்வளவு காலத்தில் பாதுகாப்புக் கேள்விக்கு முழுப் பதில் கிடைத்திருக்கும் என்று நினைத்தேன். 2022-இல் வந்த காக்ரேன் தொகுப்பைப் பார்த்தால், தோல் மெலிந்ததா என்று கவனித்த ஆய்வுகளில் 2266 பேரில் 26 பேருக்கு மெலிந்திருக்கிறது, அதாவது சுமார் 1 சதவீதம். அந்த 26-இல் 16 பேர் மிக வலுவான வகையைத் தடவியவர்கள். இது நிம்மதி தரும் எண். ஆனால் அந்த ஆய்வுகளும் பெரும்பாலும் சில வாரங்களே நடந்தவை என்று தொகுத்தவர்களே சொல்கிறார்கள். பழைய பிரச்சினைதான், மறுபடியும்.

எனக்கு அதிகம் உதவியது வேறு இரண்டு ஆய்வுகள். ஒன்று, 2002-இல் பிரிட்டனில் 207 குழந்தைகளை வைத்து நடந்தது. ஒரு குழுவுக்கு வலுவான பெட்டாமெத்தசோன் மூன்று நாள் மட்டும். இன்னொரு குழுவுக்கு மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோன் ஏழு நாள். 18 வாரம் பார்த்தார்கள். இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை, தோல் தடிமனிலும் வித்தியாசம் இல்லை. அதாவது "வலுவானது" என்ற சொல்லைப் பார்த்தே பயப்பட வேண்டியதில்லை. எத்தனை நாள், எந்த இடத்தில் என்பதுதான் கணக்கு. (இது மிதமான எக்ஸிமா இருந்த குழந்தைகளுக்கு. முகம், கண் இமை, இடுக்குகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அங்கே தோல் மெல்லியது.)

இன்னொன்று 2003-இல் வந்தது. என்னைப் பொறுத்தவரை, நீண்டகால வைத்தியம் என்ற யோசனையையே மாற்றியது இதுதான். வழக்கமாக நாம் என்ன செய்வோம்? கிளம்பினால் தடவுவோம், அடங்கினால் நிறுத்துவோம், மறுபடி கிளம்பும்வரை மறந்துவிடுவோம். அடங்கியது போலத் தெரியும் தோலுக்கு அடியில் அழற்சி முழுசாக அணைந்திருக்காது, அடுப்புச் சாம்பலுக்கு அடியில் கங்கு இருப்பது மாதிரி. இந்த ஆய்வில் முதலில் நன்றாகத் தடவி அடக்கினார்கள். அடங்கிய பிறகு ஒரு குழு மாய்ஸ்சரைசர் மட்டும் போட்டது. இன்னொரு குழு கூடவே வாரத்துக்கு இரண்டு நாள், வழக்கமாகக் கிளம்பும் இடங்களில், ஃப்ளூட்டிகசோன் தடவியது, அரிப்பே இல்லாவிட்டாலும். மாய்ஸ்சரைசர் மட்டும் போட்டவர்களில் பாதிப் பேருக்கு ஆறு வாரத்துக்குள் திரும்ப வந்துவிட்டது. வாரம் இரண்டு நாள் தடவியவர்களில் பாதிப் பேருக்குப் பதினாறு வாரம் தாண்டியும் வரவில்லை. நான் மேலே சொன்ன காக்ரேன் தொகுப்பிலும் இப்படிப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, திரும்பக் கிளம்பும் வாய்ப்பு 58 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைகிறது. இதை "வீக்எண்ட் முறை" என்கிறார்கள். சனி, ஞாயிறு தடவினால் மறக்காது.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். வருடத்துக்கு ஐந்தாறு தடவை கிளம்பி, ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரம் தினம் தடவுவதற்கும், வாரத்துக்கு இரண்டு நாள் தடவுவதற்கும் மொத்த மருந்து அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பிள்ளை தூங்கும் ராத்திரிகளில் பெரிய வித்தியாசம்.

அளவு என்றதும் விரல்நுனிக் கணக்கைச் சொல்லியாகணும். ஆள்காட்டி விரலின் கடைசி ரேகையிலிருந்து நுனி வரை ட்யூபைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். ஒரு பெரியவரின் இரண்டு உள்ளங்கை (விரல்களும் சேர்த்து) அளவு தோலுக்கு அது போதும். 1991-இல் லாங், ஃபின்லே என்ற இருவர் அளந்து சொன்னது, இன்றும் எல்லா வழிகாட்டிகளிலும் இருக்கிறது. அக்காவின் பட்டாணி எவ்வளவு போதாது என்று இதை வைத்துத்தான் அவளுக்குக் காட்டினேன். மாய்ஸ்சரைசர் கணக்கு இதைவிட ஆச்சரியம்: குழந்தைக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை என்று பிரிட்டிஷ் வழிகாட்டி சொல்கிறது. நம் கடைகளில் அழகான டப்பாவில் 50 கிராம் விற்கும் க்ரீமை வைத்து இது நடக்காது. 2022-இல் 550 குழந்தைகளை வைத்து லோஷன், க்ரீம், ஜெல், ஆயின்மென்ட் நாலையும் ஒப்பிட்டார்கள். எது சிறந்தது என்றால், எதுவும் இல்லை. நாலும் ஒன்றுதான். ஆகவே பிள்ளை ஓடாமல் நின்று பூசிக்கொள்ளும் எதுவோ, உங்கள் பட்ஜெட்டில் பெரிய டப்பாவாகக் கிடைக்கும் எதுவோ, அதை வாங்குங்கள்.

பயத்துக்கு அடிப்படையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மிக வலுவான க்ளோபெட்டாசோலை முகத்தில் மாதக்கணக்கில், வெள்ளையாவதற்காகத் தடவி, நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும் பெண்களை நம் ஊர்த் தோல் கிளினிக்குகளில் தினமும் பார்க்கலாம். பல வருடம் இடைவிடாமல் தடவிவிட்டு நிறுத்தும்போது வரும் கடுமையான எதிர்வினையைப் பற்றி பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-இல் எச்சரித்தது. மேற்பார்வை இல்லாத தினசரிப் பயன்பாடு ஒன்று. வாரம் இரண்டு நாள் கணக்கு வைத்துத் தடவுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே "ஸ்டீராய்டு" என்ற சொல்லில் அடைத்துவிடுவதால்தான் மாமியாரும் டாக்டரும் வேறு வேறு ஊரில் பேசுகிறார்கள்.

ஸ்டீராய்டு அல்லாத களிம்பும் இருக்கு. டாக்ரோலிமஸ், ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து 1984-இல் எடுத்தது. முதலில் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைக்கு மாத்திரையாக வந்தது, பிறகு களிம்பானது. தோலை மெலிய வைக்காது, முகத்துக்கும் இமைக்கும் ஏற்றது. முதல் சில நாள் சுள்ளென்று எரியும். 2006-இல் அமெரிக்காவில் அதன் பெட்டியில் புற்றுநோய் எச்சரிக்கை போட்டார்கள். காரணம், மாத்திரையாக அதிக அளவில் சாப்பிட்டவர்களின் அனுபவமும் விலங்குச் சோதனைகளும். களிம்பாகப் பூசிய குழந்தைகளைப் பத்து வருடத் திட்டமாகப் பதிவு செய்து பின்தொடர்ந்தார்கள், 7954 பேர். 2020-இல் முடிவு வந்தது: ஆறு புற்றுநோய்கள், அந்த வயதுக் குழந்தைகளிடம் எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையே. அவர்கள் பயந்த லிம்போமா ஒன்றுகூட இல்லை. அதே குடும்பத்து பிமெக்ரோலிமஸுக்கு 2418 கைக்குழந்தைகளை ஐந்து வருடம் பார்த்த ஆய்வு இருக்கிறது. களிம்புக் குழு ஐந்து வருடத்தில் ஸ்டீராய்டு தடவியது சராசரியாக ஏழு நாள், மற்ற குழு 178 நாள். குணத்தில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். அக்காவின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் நீளம் உள்ள ஆய்வுகள் என்று நான் கண்டதில் இவை முக்கியமானவை.

கரப்பான் பண்டம், உப்புத் தண்ணீர், மூலிகை

எங்கள் அப்பத்தா இந்த நோயைக் கரப்பான் என்பார். கத்தரிக்காய், கருவாடு, சோளம் எல்லாம் கரப்பான் பண்டம், தொடக் கூடாது. நான் பதினைந்து வயதுவரை கத்தரிக்காய் சாப்பிட்டதில்லை. உணவை நிறுத்துவது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், கொஞ்சம் பேருக்குக் கொஞ்சம் பலன், அவ்வளவுதான். இதில் ஒரு ஆபத்தும் உண்டு. பால், முட்டை மாதிரி உணவை நீண்ட நாள் நிறுத்திவிட்டு மறுபடி கொடுக்கும்போது, முன்பு இல்லாத உடனடி அலர்ஜி சில குழந்தைகளுக்கு வந்திருக்கிறது. நாலு வயசுப் பையனின் தட்டிலிருந்து பாலையும் முட்டையையும் எடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். கத்தரிக்காயைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அவனுக்கே அது பிடிக்காது.

"போர்த் தண்ணிதான் காரணம், சாஃப்ட்னர் போடுங்க" என்று சொல்லாத ஆள் இல்லை. கடினத் தண்ணீர் உள்ள ஊர்களில் எக்ஸிமா சற்று அதிகம் என்று சில கணக்கெடுப்புகள் காட்டியது உண்மை. அதனால் பிரிட்டனில் 336 குழந்தைகளின் வீடுகளை எடுத்து, பாதி வீடுகளில் நிஜமாகவே சாஃப்ட்னர் பொருத்திப் பார்த்தார்கள். 2011-இல் முடிவு: பலன் இல்லை. பட்டுத் துணி உள்ளாடை? 300 குழந்தைகள், 2017, பலன் இல்லை. குளிக்கும் தண்ணீரில் ஊற்றும் எண்ணெய்? 483 குழந்தைகள், 2018, பலன் இல்லை. பிறந்ததிலிருந்தே தினமும் மாய்ஸ்சரைசர் பூசினால் எக்ஸிமா வராமல் தடுக்கலாமா? 1394 குழந்தைகள், 2020, தடுக்கவில்லை. இந்த ஆய்வுகளின் மேல் எனக்குத் தனி மரியாதை. யாருக்கும் லாபம் தராத கேள்விகளை அரசுப் பணத்தில் கேட்டு, "இல்லை" என்ற பதிலை வெட்கப்படாமல் வெளியிட்டார்கள். சாஃப்ட்னர் வாங்க அக்கா எடுத்து வைத்திருந்த பணம் மிச்சமானது.

தேங்காய் எண்ணெய்க்குக் கொஞ்சம் நல்ல பெயர் உண்டு. பிலிப்பைன்ஸில் குழந்தைகளிடம் நடந்த ஒரு சின்ன ஆய்வில் மினரல் ஆயிலைவிட நன்றாக வேலை செய்தது. ஆலிவ் எண்ணெய் மட்டும் வேண்டாம், அது தோல் சுவரைப் பலவீனப்படுத்துகிறது.

மூலிகை க்ரீம்களைப் பற்றிக் கோபமில்லாமல் எழுத முடியவில்லை. எல்லாமே மோசடி என்று சொல்ல வரவில்லை. ஆனால் "ஸ்டீராய்டு இல்லாத" மூலிகை க்ரீம் மூன்றே நாளில் அற்புதமாக வேலை செய்தால், எனக்கு முதலில் வருவது சந்தேகம். லண்டனில் 1999-இல் சீன மூலிகை க்ரீம்கள் பதினொன்றைச் சோதனைக்கூடத்தில் பார்த்தார்கள். எட்டில் டெக்ஸாமெத்தசோன் இருந்தது. 2003-இல் பர்மிங்ஹாமில் பெற்றோர்கள் கொண்டுவந்த 24 க்ரீம்களில் 20-இல் ஸ்டீராய்டு. லேபிளில் பெயர், சதவீதம், மருந்துச்சாலை உரிமம் எதுவும் இல்லாத டப்பா என்றால், ஸ்டீராய்டுக்குப் பயந்து ஓடிப்போய் அளவு தெரியாத ஸ்டீராய்டையே பிள்ளைக்குப் பூசுகிறோம் என்று அர்த்தம். எங்கள் உறவினர் ஒருவர் எனக்குக் கொண்டுவந்து கொடுத்த டப்பா இப்போதும் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, திறக்காமல்.

ஆனாலும் இவற்றால் குணமானவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பது எப்படி? டுப்பிலுமாப் ஊசியின் 2016 ஆய்விலேயே பதில் இருக்கிறது. மருந்து போட்டவர்களில் பாதிப் பேருக்கு நோயின் தீவிரம் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. வெறும் ஊசி போட்டவர்களிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து பேருக்கு அதே அளவு குறைந்தது! எக்ஸிமா ஏறி இறங்கும் நோய். நாம் புதுசாக ஒன்றைத் தேடிப் போவது எப்போது? உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு எப்படியும் கொஞ்சம் இறங்கும். இறங்கும்போது கையில் எந்த டப்பா இருக்கிறதோ அதற்குப் பெயர் போய்விடும்.

சரி, தானாகப் போய்விடுமா? இதிலும் இரண்டு பதில். குழந்தைப்பருவ எக்ஸிமா பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2016 கட்டுரை, எட்டு வருடத்தில் 80 சதவீதம் பேருக்கு மறைந்துவிடுகிறது என்கிறது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2014-இல் வந்த இன்னொரு கட்டுரையோ, இருபத்தாறு வயதுவரை எந்த வயதில் பார்த்தாலும் 80 சதவீதத்துக்கு மேல் அறிகுறியோ மருந்தோ தொடர்கிறது என்கிறது. ஒரே எண், நேரெதிர் அர்த்தம். முரண்பாட்டுக்குக் காரணம், யாரைச் சேர்த்தார்கள் என்பதில் இருக்கிறது. இரண்டாவதில் இருந்தவர்கள் ஏற்கெனவே பிமெக்ரோலிமஸ் எழுதித்தரும் அளவுக்கு நோய் இருந்த குழந்தைகள். லேசாக வந்தவர்களையும் சேர்த்தால் முதல் எண். அக்கா பையன் நடுவில் எங்கோ இருக்கிறான். அக்காவிடம் "பெரும்பாலும் குறையும், ஆனா அவன் தோல் எப்பவும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிற தோலாவே இருக்கும்" என்று சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நானே சாட்சியாக முன்னால் உட்கார்ந்திருந்தால் வேறென்ன செய்வாள்!

இப்போது என் கதை. களிம்புகளுக்கு அடங்காத கட்டத்தில் இருக்கிறேன். உடம்பில் முப்பது சதவீதம் இடத்தில், பெரும்பாலான ராத்திரிகளில். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது, கருநீலமாகவோ சாம்பலாகவோ தெரியும், அதனால் தீவிரத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு டாக்டர் "லேசாத்தானே இருக்கு" என்றார். நான் சட்டையைக் கழற்றினேன்.

வாய்வழி மருந்துகளில் பழையவை சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்சேட், அசதயோப்ரின். முதலாவது வேகமானது. ஆனால் கிட்னியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கணும், நீண்ட காலம் போட முடியாது. 103 குழந்தைகளிடம் சைக்ளோஸ்போரினையும் மெத்தோட்ரெக்சேட்டையும் ஒப்பிட்ட ஆய்வில், முதல் மூன்று மாதம் சைக்ளோஸ்போரின் முன்னால் போனது; மருந்தை நிறுத்திய பிறகும் பலன் நீடித்தது மெத்தோட்ரெக்சேட்டில். மெதுவான மாட்டு வண்டி, ஆனால் தூரம் போகும். டுப்பிலுமாப் ஊசி கிட்னி, கல்லீரல் எதையும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது, கண் அழற்சி சிலருக்கு வரும். விலையைக் கேட்டதும் அடுத்த கேள்வி எனக்கு வரவில்லை.

புது மாத்திரைகள் ஜேக் தடுப்பான்கள். அப்ரோசிட்டினிப், உபாடாசிட்டினிப் இரண்டுக்கும் எக்ஸிமாவுக்காக அமெரிக்கா 2022 ஜனவரியில் அனுமதி கொடுத்தது. அரிப்பு சில நாட்களிலேயே அடங்குவதாக ஆய்வுகள் சொல்கின்றன. பதினாறு வாரத்தில் டுப்பிலுமாபைவிட உபாடாசிட்டினிப் சற்று முன்னால் இருந்தது, 71-க்கு 61 சதவீதம். இதே குடும்பத்து மூத்த மாத்திரை டோஃபாசிட்டினிப் நம் நாட்டில் ஜெனரிக்காகச் சல்லிசாகக் கிடைப்பதால், எக்ஸிமாவுக்கென்று அனுமதி இல்லாவிட்டாலும் எழுதித்தருகிறார்கள். 2021-இல் இந்தக் குடும்பம் முழுவதற்கும் மாரடைப்பு, ரத்தக்கட்டு, புற்றுநோய் எச்சரிக்கை போட்டார்கள். அது வந்த ஆய்வைத் தோண்டிப் பார்த்தேன்: ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, இதய நோய்க்கான ஆபத்தும் உள்ள முடக்குவாத நோயாளிகள். எனக்கு முப்பத்தேழு, சிகரெட் இல்லை, சர்க்கரை இல்லை. அப்படியானால் என் ஆபத்து குறைவா? குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இருபது வருடம் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல, அதை இருபது வருடம் சாப்பிட்ட எக்ஸிமாக்காரர் உலகத்தில் இன்னும் யாரும் இல்லை. அதோடு, டிபி. நம் நாட்டில் பலருக்கு அது உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும், இந்த மாத்திரை அதை எழுப்பலாம்.

மெத்தோட்ரெக்சேட் என்று நானும் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்தோம். நாற்பது வருடத்துக்கு மேல் முடக்குவாதக்காரர்கள் சாப்பிட்டுப் பழகிய மருந்து, எங்கே தவறும் என்று தெரியும், தவறினால் ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே தெரியும். பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம். மது கூடாது. இதை வாசிக்கும் யாராவது அதே மாத்திரையைத் தொடங்கினால் ஒன்றை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் என்று தவறாகப் புரிந்துகொண்டு சாப்பிட்டு உயிரையே இழந்தவர்கள் உண்டு. என் நாள் ஞாயிறு, வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட்.

அக்கா பையனுக்கு அவன் டாக்டர் ஒப்புதலோடு, முதலில் இரண்டு வாரம் சரியான அளவில் தடவி அடக்கினார்கள். இப்போது சனி, ஞாயிறு மடிப்புகளில் ஸ்டீராய்டு, கழுத்துக்கும் முகத்துக்கும் டாக்ரோலிமஸ், தினமும் இரண்டு வேளை மாய்ஸ்சரைசர், அரைக்கிலோ டப்பா. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காலண்டர் ஒட்டி, அவன் ராத்திரி எழுந்த நாட்களில் சிவப்புப் பேனாவால் அக்கா புள்ளி வைக்கிறாள். போன மாதம் பதினாறு புள்ளி. இந்த மாதம் இருபதாம் தேதி வரை ஐந்து.